முதல் பத்து நிமிடத்துக்கு யார் பொறுப்பு?

இங்கே மலையில் இரண்டு நாளாக விடாத சாரல். வெளியே தலை காட்ட முடியவில்லை. அதனால் கொஞ்ச நாளாக மனதில் கிடந்த ஒரு விஷயத்தை உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள். என் வகுப்பில் தூங்கியவர்கள் இதிலும் தூங்கினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் படித்து, இன்று மேல்மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் பெண் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். சத்துணவு நேரத்தில் இரண்டாம் வகுப்புப் பையனுக்கு முட்டைத் துண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டதாம். சமையல் உதவியாளர் அம்மா ஓடி வந்து குனிய வைத்து முதுகில் நாலு தட்டுத் தட்ட, வெளியே வந்துவிட்டது. பையன் நன்றாக இருக்கிறான். "அந்த அம்மா அன்னைக்கு லீவு போட்டிருந்தா நாங்க என்ன செஞ்சிருக்கணும் டீச்சர்? இதுக்குன்னு சட்டம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருந்தாள். 108-க்கு அடிக்கணும் என்றார் ஒருவர். பெற்றோர் வரும் வரை பிள்ளையைத் தொடவே கூடாது, அப்புறம் நம் தலையில் விடியும் என்றார் இன்னொருவர். நாலு பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இது: பள்ளிக் கூரைக்குச் சட்டம் இருக்கிறது, சுற்றுச்சுவருக்கு இருக்கிறது, பள்ளிப் பேருந்துக்கு இருக்கிறது. ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் முதல் பத்து நிமிடம் யார் என்ன செய்ய வேண்டும், அவருக்கு அதை யார் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவருக்குப் பின்னால் யார் நிற்க வேண்டும் என்று அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதிய சட்டம் நம்மிடம் இல்லை. அது வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மலையில் பத்து நிமிடம் என்றால்

கீழே இருக்கும் சொந்தங்களுக்கு இது சரியாகப் புரியாது. மதுரையிலோ திண்டுக்கல்லிலோ பள்ளியில் பிள்ளை விழுந்தால் ஆட்டோ பிடித்துக் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். இங்கே கொடைக்கானலில் இருந்து பூம்பாறையே இருபது கிலோமீட்டர் அளவு. அதைத் தாண்டி மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று போகப் போகத் தூரம் கூடும். கிலோமீட்டர் கணக்கை வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது. மூடுபனி இறங்கினால் வண்டி ஊரும். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ வழியே இருக்காது. மே மாத சீசனில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் சுற்றுலா வண்டிகள் நிற்கும் வரிசை உங்களுக்கே தெரியும்.

பெரிய சிகிச்சை என்றால் வத்தலக்குண்டு வரைக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை இறங்கித்தான் திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் என்று கீழ்மலைப் பக்கத்திலும் இதே கதைதான். வெள்ளகவி மக்கள் நோயாளியை டோலி கட்டித் தோளில் தூக்கி வந்த கதைகளை நீங்களே உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள்.

108 வண்டி 2008-இல் நம் மாநிலத்துக்கு வந்தது. அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த வண்டி வளைவெல்லாம் ஏறி வரும் வரைக்கும் பிள்ளை யார் கையில் இருக்கிறது? மூச்சு நின்றுவிட்டால் மூளை தாங்குவது நாலைந்து நிமிடம்தான். அதற்குள் வருகிற வண்டி மேல்மலையில் எதுவும் கிடையாது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் டீச்சரும் சமையல் அம்மாவும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும்தான் அங்கே ஆஸ்பத்திரி.

அந்த நேரத்தில் நாம் செய்வது என்ன

இதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவோம். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். பல் கடிக்காமல் இருக்க வாயில் கரண்டியை வைக்கிறோம். தீப்பட்ட இடத்தில் பேனா மையும் பற்பசையும் தடவுகிறோம். பாம்பு கடித்த காலில் ரத்தமே ஓடாதபடி கயிற்றை இறுக்கிக் கட்டுகிறோம். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றுகிறோம். இத்தனையும் அன்பினால் செய்வது, இத்தனையும் தவறு.

செய்ய வேண்டியது இதைவிட எளிது. வலிப்பு வந்தால் சுற்றி இருக்கும் மேசை, கல் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வாயில் எதுவும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி. தீக்காயத்தில் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர் பட வேண்டும். பாம்பு கடித்தால் கட்டாமல், கீறாமல், நடக்க விடாமல், அசையாமல் வைத்து விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டுபோக வேண்டும். தொண்டை அடைத்து மூச்சு விட முடியாத பிள்ளையைக் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, வராவிட்டால் பின்னால் நின்று மேல்வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, அதற்கு வேறு முறை.

இதெல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக் கூடியது. ஆனால் படித்தால் மட்டும் வராது, பொம்மையை வைத்துக் கையால் செய்து பழக வேண்டும். எங்கள் ஆசிரியர் பயிற்சியில் முதலுதவி என்பது ஒரு தேர்வுக் கேள்வி. "முதலுதவிப் பெட்டியில் இருக்க வேண்டிய பொருட்களை எழுதுக." பத்துப் பொருள் எழுதினால் முழு மதிப்பெண். ஒருவருடைய மார்பிலும் கை வைத்து அழுத்திப் பார்க்காமலே நாங்கள் எல்லோரும் தேர்ச்சி பெற்றோம்.

ஒரு துயரம், ஒரு விதி

நம் நாட்டில் பள்ளிப் பாதுகாப்பு விதிகள் எப்படி வந்தன என்று பாருங்கள். 2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளித் தீ. 94 பிள்ளைகள். சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குப் பரவியது. அதன் பிறகுதான் பள்ளிகளில் ஓலைக் கூரையை அகற்றினார்கள், உரிமம், சான்றிதழ் எல்லாம் கடுமையானது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு சின்னப் பெண் விழுந்து இறந்தாள். அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. அவசர வழி, உதவியாளர், முதலுதவிப் பெட்டி எல்லாம் அதில் உண்டு.

அந்த விதிகள் நல்லவை. பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய துயரத்துக்குப் போட்ட பூட்டு. அடுத்த துயரம் வேறு வாசல் வழியாக வருகிறது.

கும்பகோணம் வழக்கை ஒட்டி உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கு என்று பெயர். பிள்ளைக்குக் கல்வி உரிமை இருக்கிறது என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அதற்குள் அடக்கம் என்றது நீதிமன்றம். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் தீ முதலான அவசர நேரத்தில் பிள்ளைகளைக் காக்கப் பயிற்சி தர வேண்டும் என்றும் சொன்னது. தீயணைப்பான் சுவரில் ஏறியது. பயிற்சி என்ற பாதி எத்தனை பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை இந்தப் பதிவைப் படிக்கும் ஆசிரியர்களே கீழே எழுதுங்கள்.

அதே 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பள்ளியில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல். ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர், நூலகம், விளையாட்டுப் பொருட்கள். எல்லாம் வேண்டியவைதான். முதலுதவிப் பெட்டி அந்தப் பட்டியலில் இல்லை. முதலுதவி தெரிந்த ஆளும் இல்லை.

இதை மில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களில் பலர் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் வேலை பார்க்கிறீர்கள். 1948-இல் எழுதிய தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு பொறுப்பாளர். அவர் அரசு ஏற்றுக்கொண்ட முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். 500 பேருக்கு மேல் என்றால் தனியாகச் சிகிச்சை அறை. சுதந்திரம் வாங்கிய மறு வருடமே பஞ்சுப் பொதி தூக்கும் அப்பாவுக்கு இதை எழுதி வைத்தார்கள். அந்த அப்பாவின் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு எழுதவில்லை. பெரியவர்களுக்கு ஒன்று ஆனால் தனக்கு என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்வார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைச் சொல்லவும் தெரியாது.

இதே மலையில் பெரிய உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே நர்ஸ் உண்டு, நோயுற்ற பிள்ளைக்கு அறை உண்டு, வண்டி உண்டு. நல்ல விஷயம். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. பூண்டு பயிரிடுகிறவர் பிள்ளைக்கும் உயிர் ஒன்றுதானே என்று மட்டும் கேட்கிறேன்.

சுல்தான் பத்தேரியில் நடந்தது

பள்ளி தயாராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம். கேரளத்தின் வயநாடும் நம்மைப் போல மலைநாடுதான். 2019 நவம்பர் 20 அன்று சுல்தான் பத்தேரியில் ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பெண்ணைப் பாம்பு கடித்தது. வகுப்பறைக்குள்ளேயே, தரையில் இருந்த பொந்தில் கால் பட்டு. பாம்பு கடித்ததாகப் பிள்ளை சொல்லியும் பள்ளியில் இருந்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று அவளோடு படித்த பிள்ளைகளே தொலைக்காட்சி முன் நின்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலும் தாமதம் என்று புகார் எழுந்தது. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. ஆசிரியர் ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

அன்றைக்குச் செய்தி பார்த்த எல்லோரும் அந்த ஆசிரியரைத் திட்டினோம். கோபம் நியாயமானது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பாம்பு கடித்தது என்று ஒரு பிள்ளை சொன்னால் பத்து நிமிடத்துக்குள் வண்டி கிளம்ப வேண்டும், விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, யார் கூடப் போவது என்று ஒரு தாளில் எழுதி அந்தப் பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தால், முடிவு எடுக்கும் பாரத்தைத் தனி ஒருவர் சுமக்க வேண்டியிருந்திருக்குமா? தண்டனை பிறகு வருவது. பிள்ளைக்கு வேண்டியது முன்னால் வருவது.

நம் தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. ஆஸ்பத்திரிகள் இனி ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல முடிவு. எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று கணக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பிள்ளையைக் கொண்டு சேர்க்கிற பாதிக்குத்தான் இன்னும் விதி இல்லை.

ஆசிரியர் ஏன் தயங்குகிறார்

இப்போது என் இனத்தாரைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பயப்படுகிறார்கள். தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் பெற்றோர் கேட்பார்கள், அதிகாரி கேட்பார், பத்திரிகை கேட்கும். தொடாமல் நின்றால் "108-க்குச் சொல்லிவிட்டேன்" என்று ஒரு வரி பதில் இருக்கிறது. அந்த ஒரு வரிதான் பல ஊர்களில் பிள்ளையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

ஈராசிரியர் பள்ளியில் நான் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அன்று உடன் ஆசிரியர் கூட்டத்துக்குக் கீழே போயிருந்தார். பள்ளிக்குப் பின்னால் மரத்தில் இருந்த கதண்டுக் கூட்டைப் பிள்ளைகள் கலைத்துவிட்டார்கள். ஏழு பேருக்குக் கொட்டு. அதில் ஒரு பையனுக்கு முகம் வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. வண்டி வரும் வரை காத்திருக்க நேரம் இல்லை. பூண்டு மூட்டை ஏற்றிப் போன ஜீப்பை மறித்து, மூட்டையை இறக்கச் சொல்லி, சத்துணவு அமைப்பாளரோடு பையனை அனுப்பினேன். மற்ற முப்பத்தேழு பேரோடு நான் பள்ளியில் இருந்தேன். டாக்டர் ஊசி போட்டு, பையன் பிழைத்துக்கொண்டான். இன்று அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

பிறகு நடந்ததுதான் விஷயம். ஜீப் வாடகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மேலிருந்த ஓர் அலுவலகத்தில் கேட்டேன். அப்படி ஒரு தலைப்பே இல்லை என்றார்கள். அதோடு, "பிள்ளையோடு ஆசிரியர் ஏன் போகவில்லை?" என்று எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். போயிருந்தால் முப்பத்தேழு பிள்ளைகளைத் தனியே விட்டதற்கு விளக்கம் கேட்டிருப்பார்கள். கேட்ட அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையிலும் விதி இல்லை. விதி இல்லாத இடத்தில் எல்லோரும் காகிதத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரை வழக்கு, விசாரணை என்று அலைக்கழிக்கக் கூடாது என்று 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அது வந்துவிட்டது. ஆனால் அது வாகன விபத்துக்கு மட்டும். பள்ளி வாசலில் பைக் மோதினால் தூக்குகிறவருக்குப் பாதுகாப்பு. வகுப்பறையில் மயங்கி விழுந்தால் அந்தப் பிரிவு பேசாது.

பொதுக் குற்றவியல் சட்டத்திலும் ஒரு பாதுகாப்பு உண்டு. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 92-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 30-ஆம் பிரிவு. சம்மதம் கேட்க நேரம் இல்லாதபோது ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்தது குற்றம் ஆகாது என்கிறது. அதற்கு உதாரணமாக அந்தச் சட்டமே காட்டுவது என்ன தெரியுமா? விபத்தில் சிக்கிய குழந்தைக்குப் பெற்றோரைக் கேட்க நேரம் இல்லாமல் அறுவை செய்யும் டாக்டரையும், தீப்பிடித்த வீட்டின் மேலிருந்து, கீழே போர்வை விரித்து நிற்பவர்களை நம்பிக் குழந்தையைப் போடுகிறவரையும்தான். நூற்று அறுபது வருடத்துக்கு முன்பே பிள்ளையை வைத்துத்தான் யோசித்திருக்கிறார்கள். ஆனால் அது நீதிமன்றத்தில் போய் நின்று சொல்லிக்கொள்ள வேண்டிய பதில். பள்ளியில் நிற்கும் டீச்சருக்கு அது தெரியவும் தெரியாது, துறை விசாரணையில் அது காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் கிடையாது.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்

டென்மார்க் என்ற சின்ன நாட்டில் 2005-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் நின்ற இதயத்தை மீட்கும் சி.பி.ஆர். பயிற்சி. அடுத்த ஆண்டு ஓட்டுநர் உரிமம் எடுப்பவர்களுக்கும் கட்டாயம். 2001-இல் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் நூற்றுக்கு 21 பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் மார்பை அழுத்தி உதவினார்கள். 2010-இல் அது 45 ஆனது. முப்பது நாள் தாண்டிப் பிழைத்தவர்கள் நூற்றுக்கு 3.5-இல் இருந்து 10.8 ஆனார்கள். ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும் மேம்பட்டதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் வண்டி வருவதற்கு முன்னால் கை வைத்தவர்கள் இரண்டு மடங்கானார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை.

அமெரிக்காவில் இது மாநிலங்களின் வேலை. நாற்பது அளவிலான மாநிலங்கள் உயர்நிலைப் பள்ளி முடிப்பதற்குள் மாணவர்களுக்கு சி.பி.ஆர். கற்றுக்கொடுக்கச் சொல்கின்றன. எந்தப் பிள்ளைக்கு இதயம் நின்றால் யார் என்ன செய்வது என்று எழுதி வைத்த திட்டம் பள்ளியில் இருக்க வேண்டும் என்றும் பல மாநிலங்கள் சட்டம் போட்டிருக்கின்றன. கடுமையான ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசியைப் பள்ளியிலேயே வைத்திருக்கவும், பயிற்சி பெற்றவர் அதைப் போடவும் வழி செய்திருக்கிறார்கள். கதண்டு கொட்டி மூச்சு இழுத்த என் மாணவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஊசிதான். அவர்களுக்குப் பணம் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். மார்பில் கை வைத்து அழுத்தப் பணம் வேண்டாம். தாளில் எழுதி ஒட்டவும் பணம் வேண்டாம்.

நம் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்

என் சிற்றறிவுக்கு எட்டியது ஏழு.

1. ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது இரண்டு பேருக்குச் சான்றிதழோடு முதலுதவிப் பயிற்சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒருவர் கட்டாயம் உள்ளூர்க்காரராக, சமையல் பணியாளராகவோ தூய்மைப் பணியாளராகவோ இருக்கட்டும். ஆசிரியருக்கு மாறுதல் வரும், கூட்டம் வரும். அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

2. பூட்டாத பெட்டி. மாதம் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்து. தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டிச் சாவியோடு லீவில் போகும் பெட்டி பெட்டியே இல்லை.

3. வாசலுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாள். ஊரில் யார் யாரிடம் வண்டி இருக்கிறது, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரி எது, பிள்ளையோடு யார் போவது, மற்ற பிள்ளைகளோடு யார் இருப்பது, பெற்றோருக்கு யார் சொல்வது.

4. வண்டி வாடகைக்கு ஒரு கணக்குத் தலைப்பு. முதலில் செலவு, பிறகு அனுமதி.

5. பயிற்சி பெற்றபடி நல்லெண்ணத்தில் செய்தவர் மீது வழக்கோ துறை நடவடிக்கையோ இல்லை என்று தெளிவாக ஒரு பிரிவு.

6. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டு. வலிப்பு, வீசிங், இதயக் கோளாறு, சிறு வயதுச் சர்க்கரை, ஒவ்வாமை இருந்தால் வகுப்பாசிரியருக்குத் தெரிய வேண்டும். பள்ளிக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழு எழுதிப் போவது பதிவேட்டோடு நின்றுவிடக் கூடாது.

7. பருவத்துக்கு ஒருமுறை ஒத்திகை. ஆறாம் வகுப்பில் இருந்து பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாட்டிக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். சாவிக்கொத்து அப்படித்தான் ஒழியும்.

சுற்றறிக்கை போதாதா என்று கேட்பீர்கள். என் காலத்தில் எத்தனையோ சுற்றறிக்கை பார்த்துவிட்டேன். அதிகாரி மாறினால் அது கோப்புக்குள் தூங்கிவிடும். சட்டம் என்றால் நிதி ஒதுக்க வேண்டும், ஆய்வுக்கு வருகிறவர் ஒரு கட்டத்தில் டிக் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டும். சத்துணவு இந்த மாநிலத்தில் வேரூன்றி நிற்பது யாரோ ஒருவரின் நல்ல மனதால் மட்டும் இல்லை, அதற்கென்று ஆளும் பணமும் விதியும் இருப்பதால்.

ஆசிரியருக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்று சங்கத்து நண்பர்கள் சொல்வார்கள். உண்மை. எமிஸ் பதிவு, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை எல்லாம் எனக்கும் தெரியும். அதனால்தான் சட்டம் முதலில் கொடுக்கட்டும் என்கிறேன். பயிற்சி கொடு, பெட்டி கொடு, வண்டிப் பணம் கொடு, பாதுகாப்புக் கொடு. அதற்குப் பிறகு கேள் கணக்கு. கொடுக்காமல் கேட்கும் சட்டம் வந்தால் ஆசிரியர்கள் இன்னும் இரண்டடி பின்னால்தான் போய் நிற்பார்கள்.

சட்டம் வரும் வரை

காத்திருக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் உரிமை அந்தக் குழுவுக்கு உண்டு. அடுத்த கூட்டத்தில் மேலே சொன்ன இரண்டாவதையும் மூன்றாவதையும் எழுதி வையுங்கள். அதற்கு யார் உத்தரவும் தேவையில்லை. இப்போது வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். ஒரு ஊர்த் தீர்மானம் காகிதம். மலையில் எல்லா ஊரும் போட்டால் அது குரல்.

என் பிள்ளைகளில் நர்ஸ் இருக்கிறீர்கள், 108-இல் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் படித்த பள்ளிக்கு ஒரு சனிக்கிழமை போய் இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுக்க யாருக்கு முடியும் என்று கீழே எழுதுங்கள். ஜீப் வைத்திருப்பவர்கள் ஊர் பெயரைப் போடுங்கள், எண்ணை எனக்குத் தனியாக அனுப்புங்கள். தலைமையாசிரியர்களிடம் நானே பேசி ஏற்பாடு செய்கிறேன். தெரசா மாதிரி யாரும் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை, இரண்டு மணி நேரம்தான்.

தவறு இருந்தால் திருத்துங்கள், மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். கும்பிடு பொம்மை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்